டி அண்ட் டி எழுத வருகிறீர்களா? எதைப் படிப்பது, எதை எடுப்பது, எங்கே விற்பது

1977-ல் டி.எஸ்.ஆர். நிறுவனம் டி அண்ட் டி-க்காக வெளியிட்ட 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் ஒரு ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, சீமான்கள் போடும் அங்கி, கையில் சுங்கான். பூசாரி ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துப்போவான். எந்தப் புராணத்திலும் இப்படி ஒரு அம்பு கிடையாது. புத்தகத்தை எழுதிய கேரி கைகாக்ஸ் அதை எடுத்தது 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 1974-ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றிலிருந்து.

ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் அந்தப் புலித்தலையன் ஐம்பது ஆண்டுகளாகப் பதிப்புக்குப் பதிப்பு தப்பி வருகிறான். காரணம் எளிது. நீங்கள் நம்பும் ஆள் வடிவத்தில் வருவான், மனதைப் படிப்பான், அவனைக் கொல்ல ஒரு வழி உண்டு. ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இந்த மூன்றும் போதும், அன்று ராத்திரியே மேசையில் இறக்கிவிடலாம். இந்தத் தொழிலில் காசு தருவது அந்த மூன்று வரிகளுக்குத்தான். அபாரமான கற்பனை எல்லோரிடமும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் நிலவறையில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவார்களே, அதுதான் டி அண்ட் டி. கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி 1974-ல் முதலில் 1,000 பிரதிகள் போட்டார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் சூழலைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பதில் சொல்வார்கள், சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். இன்று இதைச் சுற்றி விதிநூல், சாகசக் கதை, வரைபடம், ஓவியம், எடிட்டிங், பக்க வடிவமைப்பு என்று ஒரு பதிப்புலகமே இருக்கிறது. அதன் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடக்கிறது, வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது.

முதலில் சம்பளத்தைப் பேசிவிடுவோம். புதிய எழுத்தாளருக்குச் சொல்லுக்கு 5 முதல் 10 சென்ட் என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் கணக்கு. 3,000 சொல்லில் ஒரு சாகசம், சொல்லுக்கு 8 சென்ட் என்றால் 240 டாலர். ரூபாயில் பார்த்தால் மோசமில்லை. ஆனால் மாதாமாதம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அமெரிக்காவிலேயே இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் குறைவு. இருக்கும் வேலையை விடாமல் ஆரம்பியுங்கள்.

படிப்புக்கு வருவோம். 1979-ல் வந்த 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்' நூலின் கடைசியில் 'அப்பெண்டிக்ஸ் என்' என்று ஒரு புத்தகப் பட்டியல் உண்டு. ராபர்ட் ஈ. ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், மைக்கேல் மூர்காக், லவ்கிராஃப்ட், டோல்கீன் என்று கைகாக்ஸுக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். புதியவர்கள் இதை வேதம் மாதிரி தலையில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் படிக்கக் கிளம்புவார்கள். அதைவிட, கைகாக்ஸ் எப்படிப் படித்தார் என்று பாருங்கள். ஜாக் வான்ஸின் 'டையிங் எர்த்' கதைகளில் மந்திரவாதி ஒரு மந்திரத்தைப் பாடுபட்டு மனப்பாடம் செய்வான், ஒருமுறை பிரயோகித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கதையில் இது ஒரு அழகு, அவ்வளவுதான். கைகாக்ஸ் கையில் அது விதியாகிவிட்டது. இன்று எந்த மந்திரத்தை ஏற்றிக்கொண்டு போவது என்று ஆட்டக்காரர் காலையிலேயே முடிவுசெய்தாக வேண்டும், தப்பாகத் தேர்ந்தால் மாலையில் அவஸ்தை. மரியாதையாக, வான்ஸின் பெயர் எழுத்துகளையே மாற்றிப்போட்டு வெக்னா என்ற வில்லனும் பிறந்தான்.

ஆக, நாவல் படித்தாலும் படம் பார்த்தாலும் கையில் ஒரு கேள்வி இருக்கட்டும்: இங்கே ஆள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, தேர்ந்தால் என்ன போகும்? மூட்டம், நிலா, இடிந்த கோட்டை எல்லாம் பிறகு வரும்.

வகைக்கு வகை இந்தக் கேள்விக்கான விடை மாறும். அறிவியல் புனைவுக்கு நான் முதலில் நீட்டுவது 'டிராவலர்' ஆட்டம். மார்க் மில்லர் எழுதி 1977-ல் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது. பாத்திரத்தை உருவாக்கும்போதே அவனுடைய முந்தைய வேலை வரலாற்றைப் பகடை போட்டு எழுத வேண்டும். கடற்படை, ராணுவம், வணிகக் கப்பல் என்று எதில் சேர்ந்தாலும் ஒவ்வொரு பணிக்காலத்துக்கும் உயிர் பிழைக்கிறானா என்று ஒரு பகடை உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போகலாம்! பிழைத்து வந்து ஒரு விண்கலம் வாங்கினாலோ, அதற்குக் கடன். மாதத் தவணை கலத்தின் விலையில் 240-ல் ஒரு பங்கு, 480 மாதங்கள். கூட்டிப் பாருங்கள், 40 ஆண்டில் விலையைப் போல இரண்டு மடங்கு. இந்த ஒரு தவணைக்காகவே ஆட்டக்காரர்கள் கள்ளச் சரக்கு ஏற்றுவார்கள், ஆகாத ஆளிடம் ஒப்பந்தம் போடுவார்கள். பிரபஞ்சத்தைக் காக்கும் கதை எதுவும் கேம் மாஸ்டர் எழுதத் தேவையில்லை, வங்கி பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கடன் கட்டுகிற எந்தத் தமிழ் வாசகருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

திகில் வகையில் 1981-ல் கேயாசியம் வெளியிட்ட சாண்டி பீட்டர்சனின் 'கால் ஆஃப் கதுல்ஹூ' இன்னும் பாடநூல். இதில் புத்தித் தெளிவுக்கு ஒரு எண் உண்டு. லவ்கிராஃப்ட்டின் கதுல்ஹூ உலகத்தைப் பற்றி எவ்வளவு அதிகம் தெரிந்துகொள்கிறீர்களோ, அந்த எண்ணின் உச்ச வரம்பு அவ்வளவு இறங்கும். துப்பறியாவிட்டால் தோல்வி, துப்பறிந்தால் பைத்தியம். 2019-ல் ஸ்வீடனின் ஃப்ரீ லீக் வெளியிட்ட 'ஏலியன்' வேறு வழியில் போகிறது: பதற்றம் ஏற ஏறக் கையில் கூடுதல் பகடை வரும், ஜெயிக்கும் வாய்ப்பும் கூடும், ஆனால் அந்தப் பகடையில் 1 விழுந்தால் ஆள் நிலைகுலைந்துபோகலாம். 'டிரெட்' ஆட்டத்தில் பகடையே இல்லை. ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும், சரிந்தால் பாத்திரம் காலி. மூன்றையும் ஒரே வாரத்தில் ஆடிப் பாருங்கள். பயம் எத்தனை வகை என்று கைவிரலுக்கே தெரியும்.

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் ராபின் டி. லாஸின் 'கம்‌ஷூ' முறையைப் பார்க்காமல் பேனா எடுக்கக் கூடாது. பகடை சரியில்லாததால் தடயம் கிடைக்காமல் போனால் கதை நடுவழியில் நின்றுவிடும். ஆகவே சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் தடயம் கிடைத்தே தீரும் என்று அவர் வைத்துவிட்டார். தடயத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதுதான் ஆட்டம்.

மற்றவை வேகமாக. கொள்ளைக் கதைக்கு ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்': திட்டமிடும் நேரத்தை வெட்டிவிட்டு, நடுவில் பின்னோக்கிப் போய்த் தயாரிப்பைக் காட்ட விடுகிறது. சொதப்பிய குற்றங்களுக்கு 2009-ன் 'ஃபியாஸ்கோ', இதற்குக் கேம் மாஸ்டரே வேண்டாம். ஒரு கிராமத்தின் ஓராண்டை 52 சீட்டுகளால் சொல்ல ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்'. சிரிக்க கிராண்ட் ஹோவிட்டின் 'ஹனி ஹெய்ஸ்ட்': கரடிகள் தேன் திருடப் போகின்றன, மொத்த விதியும் ஒரே பக்கம்.

ஆட்ட நூல்களை மட்டுமே படிக்கிறவர் எழுதும் சாகசத்தில் ஏற்கெனவே நூறு முறை ஆடிய வாசனை வரும். பழைய ரயில் அட்டவணை, மாவட்டக் கெசட்டியர், துறைமுகச் சரக்குப் பட்டியல், வழக்குத் தீர்ப்புகள்: எனக்கு இவைதான் தங்கச் சுரங்கம். ஒரு ஊரில் இரண்டு தரப்பு எந்த ஏரி மதகுக்காக அடித்துக்கொண்டது என்று தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தால் போதும், அதில் ஐந்து மணி நேர ஆட்டம் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும். வின்சென்ட், மெகுவி பேக்கர் தம்பதியின் 'அபாகலிப்ஸ் வேர்ல்ட்' 2010-ல் வந்தது. அதைப் பின்பற்றிய ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. இரண்டு ஆறுமுகப் பகடை போட்டு 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் சிக்கல். திறமைப் புள்ளி சேர்க்காமல் போட்டால் 36-ல் 6 முறை முழு வெற்றி, 15 முறை அரைகுறை, 15 முறை சிக்கல். +2 இருந்தால் முழு வெற்றி 15, சிக்கல் 6 என்று அப்படியே தலைகீழாகும். இந்த விளைவுப் பட்டியலின் நடுவரிசைக்கு நீங்கள் எழுதுவதைத்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் சந்திப்பார்கள் என்று இதிலிருந்தே புரியும். பெரும்பாலானோர் முழு வெற்றியைத்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள். பெரிய கணக்குகளுக்கு எனிடைஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது.

அடுத்தது உரிமை. இதில் அசட்டையாக இருந்தால் புத்தகம் கடையிலிருந்து இறங்கும். டி அண்ட் டி-யின் முதல் பதிப்பில் ஹாபிட்டுகள் இருந்தார்கள், டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததும் ஹாஃப்லிங் ஆனார்கள். 1980-ன் 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலின் பிந்தைய அச்சுகளில் கதுல்ஹூ பகுதியும், மூர்காக்கின் எல்ரிக் பகுதியும் காணாமல் போயின. கதைக்கருவை எடுக்கலாம், பெயரையும் சொல்லையும் எடுக்கக் கூடாது. இன்னொன்று: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது கணக்கு, அமெரிக்காவில் பழைய நூல்கள் பலவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இங்கே தடையில்லாத நூலுக்கு அங்கே தடை இருக்கலாம், உங்கள் வாடிக்கையாளரோ அங்கே இருக்கிறார்.

டி அண்ட் டி விதிகளையே பயன்படுத்தி எழுதுவதென்றால் நிலைமை இப்போது நல்லது. 2000-ல் வந்த திறந்த உரிமத்தை டி அண்ட் டி-யின் இப்போதைய வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2023 ஜனவரியில் மாற்றப் பார்த்தது. வரைவு கசிந்து பெரும் எதிர்ப்பு கிளம்பவே, ஜனவரி 27-ல் பின்வாங்கி, எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. உரிய நன்றிக் குறிப்பைப் போட்டுவிட்டு விற்கலாம். தொகுப்பில் இல்லாத பூதத்தையோ ஊரையோ தொடாதீர்கள்.

நம் ஊர்ச் சரக்கு விற்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2022-ல் விசார்ட்ஸ் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' நூலைப் பாருங்கள். 13 சாகசங்கள், ஒவ்வொன்றும் ஒரு பண்பாட்டின் சாயல். வங்கத்தின் நதிநாட்டை மிமி மண்டல் எழுதினார். நூலை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். அவருடைய தந்தை 1997-ல் தொடங்கி, பிறகு அவரும் நிர்வாகத்தில் பங்கெடுத்த சாந்தி பவன் பள்ளி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. என் கருத்து ஒன்று: கும்பிடுகிற சாமிக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போடும் வேலை வேண்டாம். 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இந்திரனுக்கே போட்டுப் பார்த்துவிட்டது, படிக்கச் சுவாரஸ்யமாகவும் இல்லை. சந்தை, சாலை, திருவிழா உரிமை, தண்ணீர்த் தகராறு என்று மனிதர் மோதும் இடத்தை எழுதுங்கள்.

விற்பனைக்கு: இட்ச்.ஐ.ஓ. தளத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், வழக்கமாக 10 சதவீதம். டிரைவ்த்ரூஆர்பிஜி-யில் கூட்டம் அதிகம், ஆனால் வேறெங்கும் விற்பதாக இருந்தால் உங்கள் கைக்கு 65 சதவீதம்தான். டி.எம்.ஸ் கில்டில் டி அண்ட் டி-யின் சொந்த உலகங்களையே பயன்படுத்தலாம், அதற்கு விலை: 50 சதவீதம் போகும், அந்தப் படைப்பை வேறெங்கும் விற்க முடியாது. கூட்டு நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து நேரடியாகத் திட்டம் தொடங்க வழியில்லை, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு உண்டு. முதல் படைப்பு ஒரே பக்கமாக இருக்கட்டும். முடித்த ஒரு பக்கத்தை பதிப்பாசிரியர்கள் மதிப்பார்கள், பாதியில் நிற்கும் 200 பக்கக் காவியத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

எழுத்து வராதவர்களுக்கும் இடம் உண்டு. வரைபடம் வரைவது, ஸ்கிரைபஸ் மென்பொருளில் பக்கம் கட்டுவது, அச்சு நூலை ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற இணைய மேசைகளுக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கெல்லாம் ஆள் தேடுகிறார்கள். ஆட்டம் நடத்தியே சம்பாதிக்க ஸ்டார்ட்பிளேயிங் தளம் இருக்கிறது, இருக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம். மணிக்கணக்கைப் பார்த்து இறங்குங்கள்: கோடையில் லண்டனின் மாலை 7 நமக்கு ராத்திரி 11.30, நியூயார்க்கின் மாலை 7 விடியற்காலை 4.30. சிங்கப்பூரின் மாலை 7 மட்டும்தான் நமக்கும் மாலை 4.30.

பதிப்பகத்துக்கு எழுதும்போது கடிதம் ஐந்து வரி, இணைப்பில் முடித்த படைப்பு இரண்டு, யாரெல்லாம் ஆடிப் பார்த்தார்கள், எங்கே குழம்பினார்கள், அதை எப்படி மாற்றினீர்கள் என்று நான்கு வரி. அந்தக் கடைசி நான்கு வரியை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. ஒப்பந்தம் வந்தால் மூன்று இடத்தை முதலில் தேடுங்கள்: பணம் கையெழுத்தானதிலிருந்து இத்தனை நாளில் என்று வருமா அல்லது நூல் வெளியான பிறகா, எழுதியதன் உரிமை முழுக்க அவர்களுக்கா, வேலை நடுவில் நின்றால் எழுதியவரைக்கும் கூலி உண்டா. உரிமை முழுவதும் அவர்களுக்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் உங்கள் பாட்டி சொன்ன கதையை அதில் எழுதாதீர்கள், அதை இட்ச்சில் உங்கள் பெயரில் போடுங்கள்.