ஐப்பசி மழையும் டாங்க் கிளீனரும்: கலப்பினக் கெளுத்தி வளர்ப்போர் இப்போது செய்ய வேண்டியவை

கண்டிக்கென்று வானிலை அறிக்கையில் வரும் மழையளவு கட்டுகஸ்தோட்டை நிலையத்தில் அளக்கப்படுவது. அந்தக் கணக்கின்படி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் இங்கே கனத்த மழைக்காலம். முதலில் பின்னேரங்களில் இடியோடு இடைப்பருவ மழை, அது ஓயுமுன்பே வடகீழ்ப் பருவமழை. வீட்டில் மீன் தொட்டியோ முற்றத்தில் சீமெந்துத் தொட்டியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று மாதமும் சோதனைக் காலம். குளிரும் கலங்கல் நீரும் மின்வெட்டும் மீனைப் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டி நிரம்பி வழிந்தால் அந்த மீன் எங்கே போகும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. கறுப்பு உடலும் உறிஞ்சு வாயுமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் டாங்க் கிளீனர் விஷயத்தில் இந்தக் கேள்வியை மழைக்கு முன்பே கேட்டாக வேண்டும். அதற்குக் காரணம் அது கெட்ட மீன் என்பதல்ல. நம் தொட்டியில் இருப்பது எந்த மீன் என்று நமக்கே சரியாகத் தெரியாது என்பதுதான்.

கடையில் சொன்ன பெயரை முதலில் மறந்துவிடுங்கள். விரலளவுக் குஞ்சாக விற்கும்போது எல்லாமே டாங்க் கிளீனர்தான். மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நேரம் பார்த்து, மறுபக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முதுகுச் செட்டையை விரித்திருக்கும்போது கதிர்களை எண்ணுங்கள். முன்னால் நிற்கும் தடித்த முள்ளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பின்னால் உள்ள மென்கதிர்கள் ஏழு, எட்டோடு நின்றால் அது வேறு சாதி. மூக்கின்மேல் தாடிபோல் மென்முனைகள் முளைத்திருந்தால் அது அன்சிஸ்ட்ரஸ். 12, 15 சென்ரிமீற்றருக்கு மேல் பெரும்பாலும் வளராது, தொட்டிக்குத் தோதானது. கதிர்கள் பத்தோ அதற்கு மேலோ என்றால் உங்களிடம் இருப்பது தெரிகோப்ளிக்திஸ் எனும் தென்னமெரிக்கப் பாய்ச்செட்டைக் கெளுத்தி. அது 40 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடிய மீன். இந்த ஒரு எண்ணிக்கையை நம்பலாம்.

அதற்கு மேல் இனத்தைத் துல்லியமாகச் சொல்லப் போனால்தான் சிக்கல். வயிற்றைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் கரும்புள்ளிகள் தனித்தனியே இருந்தால் பார்டாலிஸ் என்றும், புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் புழு ஊர்ந்த தடம்போல் நெளிந்தால் டிஸ்ஜங்டிவஸ் என்றும் நூல்கள் சொல்லும். நடைமுறையில் பல மீன்களின் வயிற்றில் ஓரிடத்தில் புள்ளியும் இன்னோரிடத்தில் நெளிகோடும் கலந்தே கிடக்கின்றன. தாய்வானில் குடியேறிவிட்ட இம்மீன்களைப் பற்றி 2011 இல் வெளிவந்த ஆய்வு உருவத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டது. வயிற்றுக் கோலத்தை வைத்துப் பிரித்த இனங்கள் மரபணுவில் அப்படிப் பிரியவில்லை. கலப்பினம் என்ற சந்தேகமே வலுத்தது. இலங்கையிலும் ஆய்வுகளில் இம்மீன் ஓரிடத்தில் மல்டிரேடியேட்டஸ் என்றும் வேறோரிடத்தில் பார்டாலிஸ் என்றும் பதிவாகியிருக்கிறது. ஆய்வாளர்களே ஒரே பெயரில் நிற்காத மீனுக்குக் கடைக்காரர் எழுதி ஒட்டும் பெயரில் என்ன இருக்கிறது?

ஆய்வாளருக்கே தெரியாததை நாம் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். இனப்பெயர் நமக்குத் தேவையில்லைதான். எவ்வளவு வளரும், என்ன தின்னும், தப்பிப் போனால் பெருகுமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் போதும். கலப்பினம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு பெற்றோரில் பெரியதன் அளவையே கணக்கில் எடுங்கள். செவ்வால் கெளுத்தியையும் புலிக்கோட்டுக் கெளுத்தியையும் பண்ணையில் கலந்து உருவாக்கிய குஞ்சு பார்க்க அழகுதான். ஆனால் தாயும் தகப்பனும் ஒரு மீற்றரைத் தொடும் மீன்கள். நாலடித் தொட்டியில் அதற்கு வாழ்வில்லை. தலைகீழாக நீந்தும் ஆபிரிக்க சைனொடோன்டிஸ் கெளுத்திகளிலும் பண்ணைக் கலப்பு ஏராளம். புள்ளியின் அழகுக்கு ஒரு பெயர் சூட்டி விற்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும். கலப்பு என்றால் கோவேறு கழுதைபோல் மலடாகத்தானே இருக்கும், ஆற்றில் விழுந்தாலும் என்ன என்பது இன்னொரு நம்பிக்கை. கழுதையும் குதிரையும் மரபில் தூரத்து உறவு. தெரிகோப்ளிக்திஸ் இனங்கள் அப்படியல்ல. இடைப்பட்ட கோலமுடைய மீன்கள் பல நாட்டு ஆறுகளில் கூட்டம் கூட்டமாகப் பெருகியிருப்பதே அவை மலடல்ல என்பதற்குச் சான்று.

இனி இந்தப் பருவத்துக்கான பராமரிப்பு. இம்மீன்களுக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியஸ். டிசெம்பர், ஜனவரி விடியற்காலைகளில் நம் பக்கத்துக் காற்று 20 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். தொட்டி நீரும் மெல்ல அதைப் பின்தொடரும். நீர் குளிர்ந்தால் மீன் உண்ணாது, வெண்புள்ளி நோய் எட்டிப்பார்க்கும். 100 லீற்றருக்கு 100 வாற் என்ற அளவில் ஹீற்றர் போதும். ஆனால் அதற்கு உறை போட மறக்காதீர்கள். உறிஞ்சுவாய்க் கெளுத்தி சூடான கண்ணாடிக் குழாயில் போய் ஒட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். நோய்க்கு மருந்து ஊற்றும்போது போத்தலில் உள்ள அளவை அப்படியே ஊற்ற வேண்டாம்; செம்பு கலந்த மருந்துகளைக் கெளுத்திகள் தாங்குவதில்லை. மழை கனக்கும் நாட்களில் குழாய்நீர் கலங்கலாகவோ குளோரின் வாடை தூக்கலாகவோ வந்தால் அன்றைக்கே நீர் மாற்றாதீர்கள். வாளியில் பிடித்து, காற்றுக்குமிழி ஓடவிட்டு, ஒரு நாள் வைத்துப் பாவியுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசி நீரை மாற்றினால் போதும். மின்வெட்டு நீண்டால் உணவை நிறுத்துங்கள். இக்கெளுத்தி மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும், கூட இருக்கும் மற்ற மீன்கள் சமாளிக்கா.

டாங்க் கிளீனர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது பெயர் உண்டாக்கிய மயக்கம். அது பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. வளர்ந்த டாங்க் கிளீனர் ஒரே இரவில் தொட்டியின் அடியில் போடும் நீளக் கழிவு நூல்களைக் காலையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசி தீர்ந்த தொட்டியில் அது பட்டினி கிடக்கும். விளக்கணைத்த பின் அவித்த பூசணித் துண்டு, வெள்ளரி, கீரை போடுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒட்டிக் கிடக்க ஊறிய மரத்துண்டு ஒன்றும் இருக்கட்டும்.

இந்த ஆலோசனையின் மையம் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து நம் ஊர் வடிகான்கள் பிங்கா ஓயாவுக்குப் போகின்றன. பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையில் சேர்கிறது. சில கிலோமீற்றர் கீழே பொல்கொல்ல அணை. அந்த நீர்த்தேக்கத்தில் இந்தப் பாய்ச்செட்டைக் கெளுத்தி பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் சுமனசிங்கவும் அமரசிங்கவும் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். தற்செயலாக வந்துசேர்ந்த மீன் என்றே அதைக் குறிக்கிறார்கள். 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லவில் நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஆற்றோடு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மறு பங்கு சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தைக் கடந்து அம்பன் கங்கைப் பக்கம் திரும்பி, பொவத்தென்ன வழியாகக் கலாவெவ வரை எட்டுகிறது. இங்கே கானில் விழுவது இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கும் உரியதாகிறது. இம்மீன் கரை மண்ணில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடும், கரை இடியும். முள்ளால் வலையைக் கிழிக்கும். மெக்சிக்கோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா மீன்பிடியை இது எப்படி முடக்கியது என்பது உலகறிந்த கதை. மகாவலிக்கே உரிய லேபியோ பிஷெரி போன்ற மீன்கள் பாறையில் படியும் பாசியை மேய்பவை. அதே பாசிக்குத்தான் இதுவும் வாய் வைக்கிறது.

ஏற்கெனவே கங்கையில் நிறைந்துவிட்டதே, இன்னுமொன்று விழுந்தால் என்ன என்ற கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். சில மீன்களிலிருந்து பெருகிய கூட்டத்தில் மரபு வேறுபாடு குறைவு. நோயோ வரட்சியோ வந்தால் அது ஆட்டங்காணக்கூடும். தொட்டியிலிருந்து போகும் ஒவ்வொரு கலப்பு மீனும் அந்தக் கூட்டத்துக்குப் புது இரத்தம். இனம் எதுவென்று தெரியாத மீனை விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். உயிரைக் கொல்வதைவிட ஆற்றில் விட்டு விடுதலை கொடுப்பது புண்ணியமல்லவா என்று கேட்பவர்களின் மனம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தப் புண்ணியத்துக்கு விலை கொடுப்பது ஆற்றில் பிறந்த மீன்கள். பெருத்துவிட்ட மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்க்கலாம். இரண்டும் முடியாமல், நோயில் தவிக்கும் மீன் என்றால் கராம்பு எண்ணெயை இளஞ்சூட்டு நீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து, லீற்றருக்குப் பத்துத் துளிக்குக் குறையாமல் விட்டால் மீன் மயங்கி அமைதியாக அடங்கும். காற்றை விழுங்கும் மீன் என்பதால் செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் நீரிலேயே விட்டுவைத்து, பிறகு மண்ணில் புதையுங்கள்.

முற்றத்துத் தொட்டி வைத்திருப்போர் இந்தக் கிழமையே நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து ஒரு சாண் இறக்குங்கள். வழிகுழாயின் வாயில் 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். இலைகுப்பை அடைத்தால் நீர் விளிம்பால் வழியும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைத் துப்புரவாக்குங்கள். மண்கரைக் குளத்தில் இந்த மீன் இருக்கவே கூடாது. மாற்றிய நீரைக் கானில் ஊற்றாமல் வாழைக்கு ஊற்றுங்கள். ஒக்டோபர் மழை பெரும்பாலும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகுதான் இறங்கும். வலையைக் காலையிலேயே கட்டிவிடுங்கள்.