சிறுநீர் முன்கூட்டி அறிவிக்கும் செய்தி

இனிப்பு நீர் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு நோயில் இரு பெரும் வகைகள் உள்ளன. கணையம் இன்சுலின் சுரக்கும் ஆற்றலை இழப்பதால், வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசியை நம்பியிருக்க நேர்வது முதல் வகையாகும். இஃது இளமையிலேயே தோன்றுவது மிகுதி. ஆகவே, முப்பது வயதுடைய ஒருவர் இருபது ஆண்டுகள் இந்நோயுடன் வாழ்ந்தவராக இருத்தல் கூடும். அவருடைய சிறுநீரகங்கள் பழுதுபடுகின்றனவா என்பதை அறிவது எங்ஙனம்?

வலியைக் கொண்டு அறிய இயலாது. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. கால் வீங்கிக் களைப்பு மேலிடும்போது சேதம் பெரிதும் முற்றியிருக்கும். ஆயினும், பெரும்பாலோரிடத்தில் சிறுநீர் அச்செய்தியைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்துவிடுகிறது.

சல்லடையும் ஆல்புமினும்

பால்மரப் பாலை வடிகட்டும் சல்லடையைத் தோட்ட மக்கள் நன்கறிவர். சருகும் பட்டைத்துண்டும் மேலே தங்க, பால் மட்டும் கீழே இறங்கும். சல்லடை கிழிந்தால் தங்க வேண்டியதும் விழும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை கழிவையும் மிகை நீரையும் வெளியேற்றி, ஆல்புமின் என்னும் புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்துகின்றன. நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை இவ்வடிகட்டிகளைக் கெடுக்கும்போது, ஆல்புமின் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசிகிறது.

1827ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சும் சோதனையை விவரித்தார். புரதம் மிகுந்திருந்தால் அது திரிந்தது. முற்றிய நோயையே அது காட்டியது. அதே மருத்துவமனையில் 1963இல் ஹாரி கீனும் கிளூவராக்கிஸும் மிகச் சிறிய அளவு ஆல்புமினையும் அளக்கும் முறையைக் கண்டனர். இத்தகைய சிறு கசிவு உடைய முதல் வகை நோயாளிகளே பின்னாளில் சிறுநீரக நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி என்பது, அங்கிருந்து வெளிவந்த 1982ஆம் ஆண்டு ஆய்வால் தெளிவாயிற்று.

அளவுகளின் பொருள்

சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழிருப்பின் இயல்பு. 30 முதல் 300 வரை தொடக்கக் கசிவு. அதற்கு மேற்பட்டால் முற்றிய கசிவு. மில்லிமோல் கணக்கில் குறிக்கும் ஆய்வகங்களில் இவ்வெல்லைகள் 3, 30 ஆகும். சாதாரணச் சோதனைத் தாள் சிறு கசிவைக் காட்டத் தவறக்கூடும். எனவே, “புரதம் இல்லை” என்னும் அதன் முடிவு முழு உறுதியாகாது.

ஒரே சோதனையால் அஞ்சிவிடவும் வேண்டா. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடலுழைப்பு ஆகியவையும் அளவை உயர்த்தும். ஆகையால் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே சோதனைக்கு ஏற்றது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டேனும் உயர்ந்திருந்தால்தான் முடிவு உறுதியாகும். சிலருக்கு ஆல்புமின் கசியாமலே சிறுநீரகம் தளர்வதுண்டு. ஆதலின் இரத்தக் கிரியேட்டினின் சோதனையும் உடன் தேவை.

முன்னரே அறிவதன் பயன்

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரிடம் தொடக்கக் கசிவு தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. கசிவு தோன்றிய பின்னரும், இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் சிலவகை மாத்திரைகள் சேதத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. அவை கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும். தாய்மையடைய எண்ணும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

முதல் வகை நீரிழிவு கண்டு ஐந்தாண்டுகள் நிறைந்தவர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ளுதல் கடமையாகும். கிளினிக்குக்குச் செல்லும்போது, “சிறுநீரில் ஆல்புமின் அளவு பார்த்தாயிற்றா?” என்று தயங்காது கேளுங்கள். வடிகட்டி முழுதும் கிழிந்தபின் எஞ்சும் வழிகள் டயாலிசிஸ் இயந்திரமும் மாற்றுச் சிறுநீரகமுமே. அந்நிலை வராது காக்கும் முதற்படி, ஒரு சிறு புட்டியில் அடங்கும் காலைச் சிறுநீரே.