தலைக்கவசம் காப்பது எதை?

தலைக்கவசம் அணிந்துவிட்டால் தலைக்கு ஆபத்தில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பாதியளவே சரியானது. மறுபாதியை அறிய, சிறுவர்களும் தலைக்கவசத்துடன் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் நமக்கு நல்ல பாடமாக அமைகிறது.

அந்நாட்டில் விளையாட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்க 1969ஆம் ஆண்டில் 'நாக்ஸி' என்னும் குழு அமைந்தது. கால்பந்தாட்டத் தலைக்கவசத்திற்கான அதன் முதல் தரவிதி 1973இல் வெளிவந்தது. சோதனை முறை எளியது. மனிதத் தலையை ஒத்த மாதிரித் தலையினுள் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்துவர். அதற்குக் கவசம் அணிவித்து, சுமார் 1.5 மீட்டர் உயரம் வரை உயர்த்தி, கெட்டியான ரப்பர்த் திண்டின்மீது விழச் செய்வர். அடியின் கடுமையைக் காட்டும் குறியீட்டெண் 1200ஐத் தாண்டினால் அக்கவசம் தேறாது.

மண்டையோட்டு முறிவு போன்ற உயிருக்கு உலைவைக்கும் காயங்களைத் தடுப்பதே இவ்விதியின் நோக்கம். மூளையதிர்ச்சியோ வேறு வகையானது. தலை திடீரெனத் திரும்பும்போதும் சட்டென நிற்கும்போதும் மென்மையான மூளை மண்டையோட்டினுள் அசைந்து முறுக்குண்கிறது. வெளியே அணியும் கவசம் அவ்வசைவைக் குறைக்கலாம். முற்றிலும் தடுக்க இயலாது. இவ்வுண்மையை உணர்த்தும் எச்சரிக்கை அக்கவசங்களின் மீதே ஒட்டப்பட்டிருக்கிறது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு, எட்டு வயதுச் சிறுவர் எழுவரின் கவசங்களில் அளவுக் கருவிகளைப் பொருத்தி, ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் கவனித்தனர். சிறுவன் ஒருவனுக்குச் சராசரியாக 107 மோதல்கள் பதிவாயின. கடுமையான மோதல்களில் பெரும்பாலானவை போட்டிகளில் அல்ல, பயிற்சியின்போதே நிகழ்ந்தன. 2012இல் பாப் வார்னர் என்னும் சிறுவர் ஆட்ட அமைப்பு, மோதல் பயிற்சியை மொத்தப் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்கியது. கவசத்தை மாற்றாமலே அடிகளைக் குறைக்க வழியுண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது மாணவர் ஒருவர், தலையில் அடிபட்ட பின் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, மூளையில் கடுங்காயமுற்றார். மூளையதிர்ச்சி என ஐயம் எழுந்தாலே ஆட்டத்தினின்று விலக்க வேண்டும், மருத்துவ அனுமதியின்றித் திரும்பச் சேர்க்கலாகாது என்னும் சட்டம் 2009இல் அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது.

எவ்விளையாட்டாயினும், மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும், பெற்றோர் கொள்ள வேண்டிய நெறி இதுவே. அடிபட்ட பின் தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், மறதி, வெளிச்சத்தில் கண்கூசுதல், வழக்கத்திற்கு மாறான எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்று ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. நினைவிழந்தால்தான் மூளையதிர்ச்சி என்பதில்லை. மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே செல்லும் தலைவலி, எழுப்ப இயலாத உறக்கம், கண்மணிகளின் அளவில் வேறுபாடு ஆகியவை தென்பட்டால் சிறிதும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருக. குணமடைந்த பின்னும் மருத்துவர் கூறும் படிநிலைகளின்படியே ஆட்டத்திற்குத் திரும்புதல் நலம்.

அளவுக்குப் பொருந்திய கவசத்தைக் குழந்தைகளுக்குத் தவறாது அணிவிப்போம். அது மண்டையோட்டைக் காக்கும். மூளையைக் காப்பதற்கு, அடிபட்ட குழந்தையை உரிய நேரத்தில் ஆட்டத்தினின்று நிறுத்தும் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.