ஆலோசனை: உரைத்தலும் கேட்டலும்

ஒத்தக்கடை யானைமலைச் சிற்பங்களின் அருகே அச்சணந்தி அடிகளின் பெயர் வட்டெழுத்தில் நிற்கிறது. அம்மலையடியில் வாழும் நமக்கு இன்று ஆலோசனை என்றால் அறிவுரையே. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது பிராயச்சித்தங்களுள் முதலாவதான ஆலோசனையோ, தன் குற்றத்தை ஒளிக்காது குருவிடம் உரைத்தல். அங்கே குருவின் முதற்பணி கேட்டலே. ஆசிரியப் பயிற்சியில் நாம் இதனைக் கற்றோமில்லை. தேர்வில் தவறிய மாணவி அழுதபோது அறிவுரைகளை அடுக்கினோம் (ஆசிரியர் வாய் அப்படி!); அவள் வாய்மூடினாள். பின்னொரு நாள் ஒன்றும் கூறாது அருகமர்ந்தோம். தந்தையின் குடியைப் பற்றிச் சொன்னாள். பிறகு தாயும் வந்து பேசினார்.

இல்லத்தில் தீராததற்கு உரியவரை நாடுதல் இழுக்கன்று. மதுரையில் 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி ஆற்றுகிறது. 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி அழைக்கலாம்.