படிக்கத் தெரியுமா என்று எப்படிக் கேட்பது?

இளைஞர்களே, ஒரு சின்ன சோதனை. உங்க கைப்பேசியின் மொழியை அரபுக்கு மாற்றிவிட்டு, பத்து நிமிடம் அதில் ஏதாவது வேலை செய்து பாருங்க. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பாட்டிக்கு நாம் இணையத் தேர்வு வைத்தால், அவருக்கும் திரை அப்படித்தான் தெரியும்.

கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்குமுன், யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அறிய நாங்களும் 20 கேள்விகளோடு ஓர் இணையப் படிவம் தயாரித்தோம். ஓர் அம்மா ‘மின்னஞ்சல் முகவரி’ என்ற முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டார். “கண்ணாடி கொண்டு வரல தம்பி” என்றார். கண்ணாடி அவர் கைப்பையில்தான் இருந்தது. நாங்கள் பூஜ்யம் என்று பதிந்துகொண்டோம். அடுத்த வாரம் அதே அம்மா கிளினிக் அட்டையில் தேதியைப் பார்த்துச் சொல்கிறார், கடைப் பெயர்ப்பலகையைக் கூட்டிப் படிக்கிறார்! நாங்கள் சோதித்தது வாசிப்பை அல்ல, தட்டச்சை.

ஓஇசிடி அமைப்பு 16 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தும் திறன் ஆய்வில் சிங்கப்பூரும் பங்கேற்றிருக்கிறது. குறைந்த வாசிப்புள்ளவர்களுக்கு அதில் தனியாகச் சில எளிய பயிற்சிகள் உண்டு. முன்பு அதில் ஒரு படமும் நான்கு சொற்களும் கொடுத்தார்கள். பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு வாக்கியம். அது பொருள் தருகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இதைத் தமிழில் செய்யும்போது தவறான விடைகளையும் யோசித்து வைக்கணும். பல்லின் படம் போட்டு பல், பால், கல், பாய் என்று கொடுங்கள். ‘பால்’ என்று தொட்டவருக்குத் துணைக்கால் பிடிபடவில்லை. ‘கல்’ என்றால் முதலெழுத்திலேயே சிக்கல். ‘யானை’ என்று வைத்தால் ஒன்றும் தெரியவராது. வாக்கியத்துக்கு, “மீன் மரத்தில் ஏறி இளநீர் பறித்தது, சரியா?” போதும். சிரித்துவிட்டால் படித்துவிட்டார் என்று அர்த்தம்!

கேள்வி கேட்கும் முறையைக் குரலில் பதிவு செய்து வையுங்க. ஆனால் படிக்க வேண்டிய சொல்லையே குரல் சொல்லிவிடக்கூடாது. அப்புறம் அது கேட்கும் சோதனையாகிவிடும். ‘தெரியல’ என்று ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 20க்கு 5 சரியாக வர வாய்ப்புண்டு. தொடர்ந்து மூன்று தவறானால் தேர்வு தானாகவே நன்றி சொல்லி முடியட்டும். இருபதையும் தவறவிட வைப்பது தண்டனை. கடிகாரம் ஓட வேண்டாம். குழந்தைப் பாடநூல் பொம்மைகளும் வேண்டாம், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் அவர்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. வெளிர்மஞ்சள் மேல் சந்தன நிறம் அழகுதான், தெரியாது. பழைய கைப்பேசியிலும் திறந்து பாருங்க. சிலவற்றில் ‘கொ’வின் கொம்பு தனியே பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கும்.

படிவத்தை மாற்றி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அந்த அம்மாவிடம் மறுபடி கொடுத்தோம். ‘கெ’யும் ‘கொ’வும் அவருக்குக் குழம்புகிறது, மற்றபடி சிறு சொற்கள் எல்லாம் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் கொம்பிலிருந்துதான் தொடங்குகிறோம்.