இன்கா பாதையில் வழிகாட்டி எதற்கு?

கேள்வி: மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்துபோகும் இன்கா பாதையில் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்களாமே? மலையேறிப் பழகியவர்களுக்கும் இந்தக் கட்டாயம் தேவையா?

பதில்: தேவைதான். நடப்பவரின் பாதுகாப்புக்கான விதி என்றே பலரும் நினைக்கிறார்கள்; அதைவிட, அது பாதையைக் காக்கும் விதி. சுமார் 43 கிலோமீட்டர் வழியில் பெரும்பகுதி இன்காக்கள் பதித்த கல்லும் செதுக்கிய படியும்தான். கட்டுப்பாடு இல்லாத காலத்தில் அங்கே குப்பை குவிந்தது, கற்கள் தேய்ந்தன. இன்று சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளுக்கு 500 பேருக்கே அனுமதி. மழை கொட்டும் பிப்ரவரியில் பழுதுபார்க்கப் பாதையையே மூடிவிடுகிறார்கள். உரிமம் பெற்ற ஒருவர் ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பேற்றால்தான் இந்த ஒழுங்கு மலைமேல் நிற்கும். உதாரணமாக, பாதையோரத்து இன்கா இடிபாடான விஞாய் வாய்னாவில் சரிவு முழுக்கப் படிவயல்கள். நடுவே ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் இறங்கும் கல் ஊற்றுகள். களைத்து வருபவர் அந்த விளிம்பில்தான் உட்காரப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்ல ஆள் வேண்டும்.

பழக்கம் இருந்தால் போதாதா என்றால், பாதையின் உச்சிக் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தக் குறைவு அனுபவசாலியையும் சாய்க்கும். செலவு அதிகம் என்பது நியாயமான குறைதான். ஆனால் அந்தப் பணத்தில்தான் கெச்சுவா விவசாயிகளான சுமைதூக்குவோரின் கூலியும் இருக்கிறது. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று பெரு நாட்டில் சட்டமே உண்டு. மலிவான நிறுவனத்தைத் தேடுமுன் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். தனியாகவே நடக்க வேண்டுமென்றால் சால்கன்டாய் வழி இருக்கிறது. அங்கே இந்தக் கட்டாயம் இல்லை.