வனசீவராசிகளும் நீர்ச் சூழற்றொகுதியும்: மயக்கந்தரும் கலைச்சொற்கள்

இப்பகுதியில் வரும் சொற்களை வரைவிலக்கணமாக மட்டும் மனனஞ் செய்த மாணவர்கள், பரீட்சையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடுவதுண்டு. எனவே அம்பாந்தோட்டை மாவட்டத்தின் புந்தல களப்புகளை எடுத்துக்கொண்டு அச்சொற்களைப் பார்ப்போம்.

ஈரநிலம்: நிலையாகவோ தற்காலிகமாகவோ நீர் நிற்கும் அல்லது ஓடும் நிலம். நீர் நன்னீராகவும் இருக்கலாம், உவர்நீராகவும் இருக்கலாம். ஆகவே களப்பு, கண்டற்காடு மட்டுமல்ல, குளமும் வயலும் ஈரநிலங்களே. ஈரநிலங்களைக் காக்கும் ரம்சார் சமவாயம் 1971இல் ஈரானில் கைச்சாத்திடப்பட்டது. 1990இல் இலங்கையின் முதலாவது ரம்சார் தலமானது புந்தல. ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்பன பின்னர் சேர்ந்தன.

சரணாலயம், தேசிய பூங்கா: சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் இருக்கலாம். தேசிய பூங்கா அரச காணியில் மட்டும் அமையும். அனுமதி பெற்றுப் பார்வையிடலாம். புந்தல 1969இல் சரணாலயமாகவும் 1993இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

உவர்த்தன்மை: நீரில் கரைந்துள்ள உப்புக்களின் அளவு. 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதனாற் பாய்ச்சப்பட்ட வயல்களின் வடிகால் நீர் எம்பிலிகல, மலல களப்புகளில் வந்து விழ, அவற்றின் உவர்த்தன்மை குறைந்தது. பெரிய பூநாரை தன் வளைந்த அலகால் நீரை வடித்து, உவர்நீரில் வாழும் சிறு கிறஸ்ரேசியன்களையும் அல்காக்களையும் உண்பது. இரை குறையவே பூநாரைகளின் வருகையும் பெரிதும் குறைந்தது. இங்கு “நச்சுப் பொருளால் பறவைகள் அழிந்தன” என எழுதுவது தவறு. நமக்கு நல்ல நீரான நன்னீரே களப்பின் சமநிலையைக் குலைத்தது.

நற்போசணையாக்கம்: அதே வடிகால் நீரில் பசளையின் நைத்திரேற்றும் பொசுபேற்றும் வருகின்றன. இவை சேர, அல்காக்கள் பெருகி நீரின் மேற்பரப்பை மூடும். ஒளி புகாது கீழுள்ள தாவரங்கள் இறக்கும். பின்னர் அல்காக்களும் இறக்கும். இறந்தவற்றைப் பிரிகையாக்கும் பற்றீரியாக்கள் கரைந்துள்ள ஒட்சிசனைப் பயன்படுத்துவதால் மீன்கள் மடியும். “அல்காக்கள் ஒட்சிசனை முடித்துவிடும்” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் விடை முழுமையாகாது, பற்றீரியா வரவேண்டும்.

சுதேச இனம், உள்நாட்டுக்குரிய இனம்: மனிதனால் கொண்டுவரப்படாமல் இயற்கையாகவே ஒரு நாட்டில் வாழ்வது சுதேச இனம், அது பிற நாடுகளிலும் வாழலாம். அந்நாட்டில் மட்டுமே வாழ்வது உள்நாட்டுக்குரிய இனம். பூநாரை பல நாடுகளில் உண்டு, ஆகவே உள்நாட்டுக்குரியதன்று. இலங்கைக் காட்டுக்கோழி உள்நாட்டுக்குரியது. 1991இல் விவரிக்கப்பட்ட பெதியா பண்டுலா என்ற சிறு நன்னீர் மீனோ, கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடப் பகுதி ஓடையொன்றிலிருந்தே அறியப்பட்டது. இத்தகைய இனத்துக்கு ஓர் ஓடை மாசடைவதே உலகிலிருந்து அற்றுப்போவதற்குப் போதும். பரவல் எல்லை குறுகக் குறுக ஆபத்துக் கூடும் என்பதற்கு இதனையே உதாரணமாகத் தருக.

ஆக்கிரமிப்பு இனம்: வெளியிலிருந்து வந்து சுதேச இனங்களின் இடத்தைப் பிடிப்பது. புந்தலவில் நாகதாளியும் சீமைக் கருவேலமும். பின்னையது அமெரிக்கக் கண்டத் தாவரம். உவர் மண்ணைத் திருத்தவென நாமே நட்டது! அந்நிய இனங்கள் யாவும் ஆக்கிரமிப்பு இனங்களல்ல. நெல்லுக்கும் மரவள்ளிக்கும் அப்பெயரைச் சூட்டவேண்டாம்.

உள்நிலைக் காப்பு, வெளிநிலைக் காப்பு: வாழிடத்திலேயே வைத்துக் காப்பது முன்னையது, வெளியே கொண்டுபோய்க் காப்பது பின்னையது. கடலாமைகளைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடலாம். இலங்கைக் கரைகளில் 5 ஆமையினங்கள் முட்டையிடுகின்றன. ரெக்காவையில் முட்டைகளை இட்ட குழியிலேயே விட்டுக் காவல் காத்தல் உள்நிலைக் காப்பு. கொஸ்கொட போன்ற இடங்களில் அவற்றைத் தோண்டியெடுத்துப் பொரிப்பகத்திற் புதைத்தல் வெளிநிலைக் காப்பு. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே தீர்மானிப்பதால், இடம் மாற்றும்போது பால் விகிதமும் மாறக்கூடும். இயலுமான இடத்தில் உள்நிலைக் காப்பே சிறந்தது.

பயிற்சி: களப்பொன்றின் அருகே புதிதாக நெற்செய்கை தொடங்கப்படுகிறது.
(அ) களப்பு நீரில் ஏற்படக்கூடிய இரு மாற்றங்களைக் குறிப்பிடுக.
(ஆ) அவற்றுள் ஒன்று அங்குள்ள உணவுச் சங்கிலியைப் பாதிக்கும் விதத்தைப் படிமுறையாக விளக்குக.
(இ) நெற்செய்கையைக் கைவிடாமல் அப்பாதிப்பைக் குறைக்க ஒரு வழி கூறுக.